நெல் அவித்த ரயில் இன்ஜின்

தஞ்சாவூருக்கு வெளியே ஒரு பாலிடெக்னிக்கில் இருபத்திரண்டு வருடமாகப் பாய்லர் பற்றிப் பாடம் நடத்துகிறேன். நெருப்பு எங்கே எரியும், நீராவி எங்கே சேரும், தண்ணீர் குறைந்தால் என்ன ஆகும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். பலகையிலிருந்து சாக்பீஸை எடுக்காமல் ஒரே மூச்சில் படம் போட்டுவிடுவேன். அந்த இருபத்திரண்டு வருடத்தில் நான் கையால் தொட்ட ஒரே பாய்லர் என் வீட்டுக் குக்கர்தான். அதிலும் விசில் ஒழுங்காக வருவதில்லை.

யாருக்கும் இது தெரியாமல் நல்லபடியாக ஓய்வு பெற்றிருப்பேன். ஒரு ஆசிரியர் கூட்டத்தில் வாயைத் திறந்ததுதான் தப்பு.

மன்னார்குடிப் பக்கம் ஒரு பழைய அரிசி ஆலையை இடிக்கப் போகிறார்கள் என்றும், ஆலைக்குப் பின்னால் சின்ன நீராவி ரயில் இன்ஜின் ஒன்று நிற்கிறது என்றும், கல்லூரி எடுத்துக்கொள்வதானால் சும்மாவே தந்துவிடுவதாக உரிமையாளர் எழுதியிருக்கிறார் என்றும் முதல்வர் சொன்னார். கூடவே ஒரு புகைப்படம். அது கைமாறிக் கைமாறி என்னிடம் வந்தது. வாங்கிப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் தந்திருக்கலாம்.

"சார், இது நாலு சக்கர டாங்க் இன்ஜின், தண்ணித் தொட்டி இதுலயே இருக்கும். குறுகலான தண்டவாளத்துல ஓடுறது. கரும்பாலைங்கள்ல கரும்பு வண்டி இழுக்க வச்சிருப்பாங்க," என்றேன்.

முதல்வர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "மேடம், உங்களுக்கு இவ்வளவு தெரியும்னு எனக்குத் தெரியாமப் போச்சே."

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்பதை அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மற்றவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தது நன்றாக இருந்தது. கூட்டம் முடிவதற்குள் இன்ஜினைக் கொண்டுவந்து, பழுது பார்த்து, வளாகத்துக்குள் ஓட வைக்கும் பொறுப்பு முழுவதும் என் தலையில் வந்து உட்கார்ந்தது.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் என் கணவர் கேட்டார்: "மிக்ஸி ரிப்பேராகி மூணு மாசமாச்சு. அதை முதல்ல பாக்கலாமா?"

பாய்லர் வேலை தெரிந்த ஆள் வேண்டுமென்று அரிசி ஆலைக்காரர்கள் நாலைந்து பேரை விசாரித்தேன். எல்லோரும் ஒரே ஆளைத்தான் சொன்னார்கள். கடற்கரைப் பக்கத்து ஊர்க்காரர். வளைகுடாவில் ஒரு சுத்திகரிப்பு ஆலையில் பத்துப் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டு வந்து, இங்கே ஆலை ஆலையாகப் போய்ப் பாய்லர் குழாய் மாற்றிக் கொடுக்கிறவர். பாய்லர் வெல்டிங்குக்கும் சான்றிதழ் உண்டு, பாய்லர் எரிப்பதற்கும் உண்டு. என்னைவிட ஐந்தாறு வயது சின்னவர். எல்லோரும் கூப்பிடுவதைப்போல நானும் பாய் என்றே கூப்பிட்டேன்.

முதல் தடவை போனில் அவர் மூன்று கேள்வி கேட்டார்.

"எத்தனை குழாய் மேடம்?"

"பார்க்கணும்."

"எவ்வளவு பிரஷர்ல ஓடிச்சு?"

"பார்க்கணும்."

"எதைப் போட்டு எரிச்சாங்க?"

"நிலக்கரி," என்றேன், ஒரு கேள்விக்காவது பதில் தெரிந்த சந்தோஷத்தில்.

ஒரு சனிக்கிழமை இரண்டு பேரும் போய்ப் பார்த்தோம். நான் மனதில் வைத்திருந்தது யானை. கோடவுனுக்குப் பின்னால் நின்றது எருமைக்கன்று. சக்கரங்கள் பாதிவரை மண்ணுக்குள் புதைந்திருந்தன. புகைபோக்கிக்குள்ளிருந்து ஒரு அரசங்கன்று எட்டிப் பார்த்தது. நெருப்பெரிக்கும் பெட்டியின் கதவை பாய் இழுத்துத் திறந்தார். உள்ளே ஒரு கோழி உட்கார்ந்திருந்தது. கோழி எங்களைப் பார்த்த பார்வையில், கதவைத் தட்டிவிட்டு வந்திருக்க வேண்டும் என்று எனக்கே தோன்றியது.

"அடை வச்சிருக்கும்மா. குஞ்சு பொரிக்கட்டும், அப்புறம் எடுத்துட்டுப் போங்க," என்றார் காவலாளி. அதனால் இரண்டு வாரம் போனது. வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று முதல்வர் கேட்டபோது, "அடையில இருக்கு சார்," என்றேன். ஏதோ தொழில்நுட்பச் சொல் என்று நினைத்து அவர் குறித்துக்கொண்டார்.

முதல் நாள் பார்க்கப் போனபோதே இன்னொன்றும் நடந்தது. பாய்லரின் முதுகில் கவிழ்த்த குடம்போல இரண்டு குமிழ்கள் இருந்தன. ஆலை உரிமையாளரும் கூட நின்றதால் நான் முன் குமிழைத் தட்டி ஒரு விளக்கம் கொடுத்தேன். "நீராவியெல்லாம் இதுக்குள்ளதான் வந்து சேரும். உலர்ந்த நீராவியா இங்கேருந்துதான் சிலிண்டருக்குப் போகும். இதுதான் இன்ஜினோட உயிர்நாடி."

பாய் மேலே ஏறி அந்தக் குமிழின் மூடியைத் திருகித் திறந்தார். கையை உள்ளே விட்டு ஒரு பிடி அள்ளிக் காட்டினார்.

"மணல் மேடம்."

தண்டவாளத்தில் சக்கரம் வழுக்கினால் தூவுவதற்காக இன்ஜினிலேயே மணல் வைத்திருப்பார்கள். இதுவும் என் பாடத்தில் உண்டு, ஏழாவது பக்கத்தில். உரிமையாளர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பாய் மட்டும் துளிகூடச் சிரிக்கவில்லை. கையைத் தட்டிவிட்டு, "பின்னாடி இருக்கறது நீராவிக் குமிழா இருக்கும்," என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார். இந்த வேலை முடியும்வரை இவரை விடக்கூடாது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

கிரேன் வைத்து லாரியில் ஏற்றிய அன்று உரிமையாளர் இன்ஜினுக்கு மாலை போட்டுச் சூடம் காட்டினார். தார்ப்பாயைச் சுற்றிக் கட்டி, மேலே மாலையோடு, வாய்க்கால் பாலங்களில் ஊர்ந்து ஊர்ந்து வந்தோம். சம்பா நடவு நேரம். வரப்பில் நின்ற பெண்கள் சிலர் லாரியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஒரு டீக்கடையில் நிறுத்தியபோது, "எந்தக் கோயிலுக்கும்மா போவுது?" என்று கடைக்காரர் கேட்டார். பாலிடெக்னிக்குக்கு என்று சொல்ல மனம் வரவில்லை. தஞ்சாவூருக்கு என்று மட்டும் சொன்னேன்.

ஒர்க்ஷாப்புக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை போட்டோம். பாய் சனி, ஞாயிறுகளில் வந்தார். துருவைச் சுரண்டுவது, போல்ட்டை எண்ணெயில் ஊறப் போடுவது, குழாய்களை ஒவ்வொன்றாக வெட்டி உருவுவது எல்லாம் அவரும் அவருடைய இரண்டு ஆட்களும் செய்தார்கள். நான் கையில் நோட்டுப் புத்தகத்தோடு பக்கத்தில் நின்றேன். எதை எழுதினேன் என்று இப்போது புரட்டிப் பார்த்தால், "மிகவும் துரு" என்று பன்னிரண்டு இடத்தில் இருக்கிறது. மூன்று ஞாயிறு ஆராதனைக்குப் போகாததால் போதகர் வீட்டுக்கே வந்து, உடம்புக்கு என்ன என்று விசாரித்தார். பாய்லர் என்று சொன்னேன். அவர் எனக்காக ஜெபித்துவிட்டுப் போனார்.

எனக்கென்று ஒரு வேலை வேண்டுமே. இன்ஜினின் வரலாற்றை எழுதும் வேலையை எடுத்துக்கொண்டேன். தயாரித்தவர்களின் பித்தளைத் தகட்டை யாரோ எப்போதோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். திருகு ஓட்டைகள் மட்டும் இருந்தன. சிலிண்டரில் வார்ப்பிலேயே வந்த ஒரு எண் கிடைத்தது. அதைத் தயாரித்த வருடம் என்று எடுத்துக்கொண்டு, இன்ஜினுக்கு நூற்றாண்டுக்கு மேல் வயது என்று முதல்வரிடம் அறிவித்தேன். வெளிநாட்டில் இப்படிப்பட்ட இன்ஜின்களை ஆராய்கிற ஒருவருக்குப் படங்களோடு மின்னஞ்சல் அனுப்பினேன். அது வார்ப்பு அச்சின் எண் என்று அவர் மிகவும் மரியாதையாக எழுதினார். இன்ஜினுக்கு வயது என்ன என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

ஆனாலும் நான் அசரவில்லை. மன்னார்குடியில் இரண்டு பேரையும் கும்பகோணத்தில் ஒரு பழைய இரும்பு வியாபாரியையும் பார்த்துப் பேசினேன். நூலகத்தில் உட்கார்ந்தேன். இரண்டு மாதம் கழித்து ஒரு பலகைக்கான வாசகம் தயாரானது. 'பல தலைமுறைகளாகக் கரும்பு வயல்களின் ஊடே முழங்கிச் சென்று, டெல்டாவின் இனிப்பைச் சுமந்த இரும்புக் குதிரை' என்று தொடங்கும். டெல்டாவின் இனிப்பு என்ற இடத்தில் எனக்கே கண் கலங்கியது.

அந்த வாசகத்தைச் சரிபார்க்கக் கொட்டகைக்குப் போன காலையில்தான் எங்கள் துறையைக் கூட்டிப் பெருக்கும் அக்கா உள்ளே வந்தார். ஆறு வருடமாக என் அறையைச் சுத்தம் செய்கிறவர். காலையில் மேசையைத் துடைத்துவிட்டு, "சாப்டீங்களாம்மா?" என்று கேட்பார். சாப்பிட்டேன் என்பேன். ஆறு வருடத்தில் எங்களுக்குள் நடந்த பேச்சு அவ்வளவுதான். புது இடம் ஒன்று கூட்ட வேண்டியிருக்கிறது என்று யாரோ சொல்லி, அன்றுதான் கொட்டகைக்கு வந்திருந்தார். துடைப்பத்தைக் கக்கத்தில் வைத்தபடி இன்ஜினைச் சுற்றி வந்தார். பிறகு மாட்டின் விலாவில் தட்டுவதைப்போலப் பாய்லரில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

"அட, நம்ம அடுப்பு!"

"எது அடுப்பு அக்கா?"

"இதாம்மா. இது நின்ன மில்லுலதான நான் பதினெட்டு வருசம் களத்துல வேல பாத்தேன். இதுலேருந்துதான் நெல்லுக்கு ஆவி போவும்."

பாய் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு வந்து நின்றார்.

அக்கா சொல்லச் சொல்ல விஷயம் விளங்கியது. அவர் வேலைக்குச் சேர்ந்தபோதே இன்ஜின் மண்ணில் புதைந்துதான் நின்றது. அங்கிருந்து ஒரு அங்குலம் நகர்ந்து அவர் பார்த்ததில்லை. ஊறவைத்த நெல்லைத் தொட்டியில் கொட்டி, பாய்லரிலிருந்து வரும் குழாயைத் திறந்துவிட்டால் நெல் வேகும். அதைக் களத்தில் கொட்டிக் காயவைத்து அரைத்தால் புழுங்கல் அரிசி. மன்னார்குடியைச் சுற்றி எத்தனை வீட்டு உலையில் கொதித்த சோறு அந்த இன்ஜின் வயிற்றிலிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

"வாசனை வந்ததும் குழாய மூடிடணும்மா. கொஞ்சம் விட்டா நெல்லு வாயப் பொளந்துக்கும். நான்தான் மூடுவேன். எனக்கு மூக்கு நல்லா வேல செய்யும்."

"நிலக்கரி எங்கேருந்து வந்தது அக்கா?" என்று கேட்டேன்.

"நிலக்கரியா? மில்லுல உமி மலையாட்டம் கெடக்கும். அதத்தான் தள்ளுவோம். நிலக்கரிய நான் கண்ணால பாத்ததில்ல."

பாய் என்னை ஒரு நொடி பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார்.

"இதோட விசிலுதான் எங்களுக்குச் சங்கு. வேலைக்கு வர ஒரு தடவ ஊதும். மழ வர்ற மாதிரி இருந்துச்சுன்னா விட்டு விட்டு மூணு தடவ ஊதுவாங்க. சாப்புட்டுக்கிட்டு இருந்தாலும் தட்ட அப்புடியே போட்டுட்டு ஓடணும். களத்து நெல்லு நனஞ்சா அம்புட்டும் போச்சு."

அன்று சாயங்காலமே ஆலை உரிமையாளருக்குப் போன் செய்தேன். முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். அவர் சர்வ சாதாரணமாகச் சொன்னார். கரும்பாலைக்காரர்கள் வாங்கியது உண்மைதான். ஆனால் வயல்வெளித் தண்டவாளத்தில் சில பருவங்கள்தான் ஓடியது. ஒரு வாய்க்கால் மதகைத் தாண்டும்போதெல்லாம் தடம் புரண்டுவிடும். வயலில் இருக்கிற ஆட்களைக் கூப்பிட்டுத் தூக்கி வைப்பார்களாம். டிராக்டர் வந்ததும் ஓரங்கட்டிவிட்டார்கள். அவருடைய அப்பா பாய்லருக்காக மட்டும் அதை வாங்கி வந்தார். "நான் லெட்டர்லயே எழுதலாம்னு நெனச்சேன் மேடம். நீங்க வந்த அன்னிக்கு ரொம்ப விவரமாப் பேசினீங்களா, தெரிஞ்சிருக்கும்னு விட்டுட்டேன்."

தகவலுக்காக நான் பெட்ரோல் போட்டு இரண்டு ஊர் சுற்றியிருந்தேன். அது தினமும் காலையில் என் அறைக்குள் வந்து, நான் சாப்பிட்டேனா என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறது.

பலகையை மாற்றி எழுதினேன். சில பருவம் கரும்பு இழுத்தது, பல வருடம் நெல் அவித்தது என்று நேராகவே போட்டேன். முதல்வருக்கு அது பிடிக்கவில்லை. "ரயில் இன்ஜின்னு கூட்டிட்டு வந்து நெல்லு அவிக்கிற அடுப்புன்னு போட்டா நல்லாவா இருக்கு? அந்த இரும்புக் குதிரை அருமையா இருந்துச்சே மேடம்," என்றார். எனக்கும் குதிரையை விட மனமில்லைதான். ஆனால் அக்கா தினமும் அந்தப் பலகையைத் துடைக்கப் போகிறவர். அவர் கண்ணெதிரே அப்படி ஒரு பொய்யைத் தொங்கவிட எனக்குத் தைரியம் இல்லை.

அடுத்தது பாய்லர் சோதனை. பாய்லரில் தண்ணீரை நிரப்பி, நெருப்பில்லாமல் பம்ப் வைத்து அழுத்தி, எங்காவது கசிகிறதா என்று அரசு ஆய்வாளர் பார்ப்பார். வந்த ஆய்வாளர் டிப்ளமோவில் என்னிடம் படித்தவர். என் பாடத்தில் ஒரு தடவை தவறி, மறுதடவை எழுதித் தேறியவர். எனக்கு அது நினைவில்லை. அவருக்கு நன்றாக நினைவிருந்தது. மாணவர்களைச் சுற்றி நிற்க வைத்து, பட்டுப்புடவையில் நான் பாய்லர் அருகே நின்று விளக்கினேன்.

"மேடம், கொஞ்சம் இந்தப் பக்கம் வந்துடுங்களேன்," என்றார் ஆய்வாளர்.

"பரவாயில்லை, நெருப்பு இல்லாத சோதனைதானே, ஆபத்தே கிடையாது," என்று நான் மாணவர்களுக்கு அதையும் விளக்கினேன். ஆபத்து இல்லைதான். குழாய் முனைகளில் நாலு இடத்திலிருந்து துருத்தண்ணீர் என்மேல் பீய்ச்சியடித்தது. அந்தப் புடவை இப்போதும் இருக்கிறது. கட்ட முடியாது.

பாய் அந்த முனைகளை மறுபடி விரித்து இறுக்கினார். அடித்தகடு ஒரு இடத்தில் மெலிந்து போயிருந்ததால், ஆய்வாளரிடம் அனுமதி வாங்கி அந்தத் துண்டை வெட்டிப் புதுத் தகடு வைத்தார். இரண்டாவது சோதனையில் ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. முன்பிருந்த அழுத்தத்தில் பாதிக்குத்தான் அனுமதி என்று ஆய்வாளர் எழுதிக்கொடுத்தார். கொட்டகைக்கு முன்னால் போட்டிருந்த ஐம்பதடி தண்டவாளத்தில் போய்வர அது போதும்.

இதற்குள் இன்ஜினை ஓட வைக்கும் பாகங்களும் வந்து சேர்ந்தன. ஆலையில் இன்ஜின் நகர வேண்டிய தேவையே இல்லாததால் அவற்றைக் கழற்றிச் சாக்கில் கட்டிப் போட்டிருந்தார்கள். அதில் ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு இரும்புத் தண்டுகள். ஒன்று இன்ஜின் முன்னால் போக, இன்னொன்று பின்னால் போக. டிரைவர் நெம்புகோலை எந்தப் பக்கம் தள்ளுகிறாரோ அந்தத் தண்டு வேலை செய்யும். எது எந்தத் தண்டு என்பதற்கு எந்த அடையாளமும் இல்லை.

பாய் கையை விரித்துவிட்டார். "பாய்லர்னா எனக்குத் தெரியும். ஓடுற சமாச்சாரம் நமக்குப் பழக்கமில்ல மேடம்."

இத்தனை மாதம் கழித்து எனக்கு ஒரு வேலை வந்திருந்தது. வகுப்பில் போடும் படத்தை எடுத்து வந்து கொட்டகைச் சுவரில் ஒட்டினேன். அதைப் பார்த்துத் தண்டுகளை மாட்டச் சொன்னேன். நெம்புகோலுக்குப் பக்கத்தில் 'முன்', 'பின்' என்று பெயின்ட்டில் எழுதவும் வைத்தேன்.

"நீராவிக்குப் பதிலா காத்தை அடச்சு ஒரு தடவை ஓட்டிப் பாத்துடலாமா மேடம்?" என்று பாய் கேட்டார்.

"இருபத்திரண்டு வருஷமா இந்தப் படத்தைத்தான் நடத்துறேன் பாய்," என்றேன்.

அவர் ஸ்பானரைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார்.

முதல் தடவை நெருப்பு மூட்டியது ஒரு சனிக்கிழமை காலை. சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, நிற்க வைத்தே நீராவி ஏற்றிப் பார்ப்பதாக ஏற்பாடு. அடியில் ஒரு வால்வு கசிந்ததால் பாய் இன்ஜினுக்குக் கீழே படுத்திருந்தார். "கண்ணாடியில தண்ணி பாதி இருக்கான்னு மட்டும் பாத்துக்கிட்டே இருங்க மேடம். வேற எதையும் தொட வேணாம்," என்று சொல்லியிருந்தார். பாய்லருக்குள் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் கண்ணாடிக் குழாய் அது. நான் கண்ணிமைக்காமல் பார்த்தேன். பாதிதான் இருந்தது. கால் மணி நேரம் கழித்தும் மயிரிழை மாறாமல் பாதியிலேயே இருந்தது. எவ்வளவு ஒழுங்கான பாய்லர் என்று பெருமையாக இருந்தது.

அக்கா வேடிக்கை பார்க்க வந்தார். கண்ணாடியைப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"ஏம்மா, தண்ணி ஆடலியே?"

"ஆடாம இருக்கறது நல்லதுதானே அக்கா?"

"கொதிக்கிற பாய்லர்ல தண்ணி ஆடிக்கிட்டே இருக்கணும்மா. ஆடலன்னா கண்ணாடி அடச்சிருக்கு. பாய்! பாய்! வெளிய வாங்க!"

பாய் வந்த வேகத்தில் தலையை இடித்துக்கொண்டார். கண்ணாடிக்குக் கீழிருந்த சின்னக் குழாயைத் திறந்துவிட்டார். சீறிக்கொண்டு துருக்குழம்பு வெளியே வந்தது. மூடியதும் தண்ணீர் மறுபடி ஏறியது. பாதிக்கு அல்ல, கண்ணாடியின் அடிவிளிம்புக்கு மேல் இரண்டு விரல் உயரத்துக்கு. அந்த இரண்டு விரலும் ஆடிக்கொண்டிருந்தது. பாய் நெருப்பை வெளியே இழுத்துப் போட்டார். பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"நல்ல வேளை, அக்கா வந்தாங்க," என்றார்.

பாய்லரில் தண்ணீர் தீர்ந்தால் என்ன ஆகும் என்று நான் வருடா வருடம் படம் போட்டுச் சொல்கிறவள். கண்ணாடிக் குழாயை அடிக்கடி திறந்து சோதிக்க வேண்டும் என்பது நான் தவறாமல் கேட்கும் ஐந்து மதிப்பெண் கேள்வி. அதை எழுதாத பையன்களைத் திட்டியிருக்கிறேன். அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை. என் காலடியில் படுத்திருந்த ஆள் நினைவிலேயே நின்றார். பாயிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "எனக்கும் தப்பு இருக்கு மேடம். எரிக்கிறவன் நான், கண்ணாடியை விட்டுட்டு நகர்ந்திருக்கக் கூடாது," என்றார். அவர் அப்படிச் சொன்னது இன்னும் கஷ்டமாக இருந்தது.

கண்ணாடியையும் அதன் குழாய்களையும் புதிதாக மாற்றினோம். ஓட்டிப் பார்க்க ஒரு நாள் குறித்திருந்தோம். அதற்குள் சிறப்பு விருந்தினருக்குத் தோதான தேதி அமைந்துவிட்டது என்று முதல்வர் விழாவை முன்னால் இழுத்துவிட்டார். நானும் தலையாட்டினேன். படம்தான் இருக்கிறதே.

விழா நாள். இன்ஜினுக்குக் கறுப்பும் சிவப்பும் பூசி, வாழைக்கன்று கட்டியிருந்தோம். இன்ஜினுக்கு முன்னால் சிவப்பு ரிப்பன். அதன் பக்கத்தில் கத்தரிக்கோலோடு சிறப்பு விருந்தினர். மைக்கில் நான். விசில் அடித்ததும் புறாக்கள் கூரையிலிருந்து பறந்தன. பாய் நெம்புகோலை 'முன்' பக்கம் தள்ளி, நீராவியைத் திறந்தார்.

"இதோ, நம் இன்ஜின் முன்னோக்கிப் புறப்படுகிறது," என்றேன்.

இன்ஜின் புஸ்ஸென்று ஒரு மூச்சு விட்டது. பிறகு மிகவும் நிதானமாக, யாரிடமோ கோபித்துக்கொண்டு போவதைப்போல, பின்னால் போனது.

பத்தடி போனதும் பாய் நிறுத்தினார். மாணவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. பாய் வெளியே தலையை நீட்டி, தன்னால் முடிந்த அளவு மெதுவாகச் சொன்னார். ஆனால் மைக் என் கையில் திறந்திருந்தது.

"மேடம், முன்னாடின்னு போட்டிருக்குற பக்கம் தள்ளினா பின்னாடி போவுது."

தண்டுகள் மாறியிருந்தன. பாய் நெம்புகோலை 'பின்' பக்கம் தள்ளினார். இன்ஜின் அழகாக முன்னால் வந்தது. விருந்தினர் அவசரமாக ரிப்பனை வெட்டிவிட்டு ஒதுங்கினார். இன்ஜின் அவரைக் கடந்து தண்டவாளத்தின் கடைசிவரை போய் நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள். வாய்விட்டு அழாமல் இருக்க நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். ஏன் என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. அவமானம் ஒரு பக்கம். ஆனால் அது ஓடிவிட்டது.

விருந்தினர் பேசும்போது, கடந்த காலத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் முன்னேற வேண்டும் என்பதை உணர்த்தவே இன்ஜின் முதலில் பின்னால் சென்றது என்றார். கைதட்டல் அதிர்ந்தது. முதல்வர் என் காதருகே குனிந்து, "பிரமாதமான ஐடியா மேடம். என்கிட்டகூடச் சொல்லலையே," என்றார். "சும்மா தோணிச்சு சார்," என்றேன். அந்தப் பொய் என் வாயிலிருந்துதான் வந்தது.

மறுநாள் என் படத்தை மூலப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். முதல் வருடம் கரும்பலகையில் போட்டபோதே இரண்டு தண்டுகளின் பெயரையும் மாற்றி எழுதியிருக்கிறேன். அப்புறம் புத்தகத்தைத் திறக்கவில்லை. வகுப்பில் இதை ஒப்புக்கொண்டு சரியான படத்தைப் போட்டேன். பின்வரிசைப் பெண் எழுந்து, "மேடம், பரீட்சைல எதை எழுதணும்?" என்று கேட்டாள். விடைத்தாள் திருத்துகிறவர்களுக்கான குறிப்பையும் பழைய படத்தோடு நான்தான் தயாரித்தேன் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. பழைய மாணவர்கள் வாட்ஸாப் குழுவிலும் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். எங்கெங்கோ தொழிற்சாலைகளில் என் படத்தை நம்பி என்னவெல்லாம் பின்னால் போகிறதோ என்ற பயம். கட்டைவிரல் படங்கள் நிறைய வந்தன. ஒருவன் மட்டும், "எந்தப் படம் மேடம்?" என்று கேட்டிருந்தான்.

இப்போது மாதம் ஒரு சனிக்கிழமை இன்ஜினை எரிக்கிறோம். தண்டுகளை மாற்றி மாட்டிவிட்டோம். பாய் ஓட்டுகிறார். அன்று அக்காவுக்குக் கொட்டகையில்தான் வேலை என்று முதல்வரிடம் எழுதி வாங்கியிருக்கிறேன். அவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் கண்ணாடிக் குழாய்க்கு எதிரே உட்கார்ந்துகொள்வார். வேடிக்கை பார்க்க வரும் பிள்ளைகள் என்னைத் தாண்டிப்போய் அவரிடம்தான் கேள்வி கேட்கிறார்கள். இப்போதெல்லாம் காலையில் அவர் சாப்டீங்களா என்று கேட்டால், நான் உட்காரச் சொல்கிறேன். பேசிக்கொண்டிருப்பதில் முதல் பீரியடுக்கு இரண்டு தடவை தாமதமாகப் போயிருக்கிறேன்.

எனக்குக் கொடுத்திருக்கும் வேலை சாம்பல் அள்ளுவது. ரொம்ப நாள் அது மட்டும்தான். போன மாதம் நீராவி வந்ததும் பாய் என்னைக் கூப்பிட்டு, கண்ணாடிக்குக் கீழே இருக்கும் அந்தச் சின்னக் குழாயைக் காட்டி, "நீங்க திறங்க மேடம்," என்றார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு திருகினேன். சீறியது. மூடினேன். தண்ணீர் சரசரவென்று ஏறி, பாதியில் வந்து நின்று, மேலும் கீழுமாக ஆடியது. அக்கா நாற்காலியிலிருந்து முன்னால் குனிந்து பார்த்தார்.

"சரியாத்தான் இருக்கு," என்றார்.

அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் என் கணவரிடம் இதை மூன்று தடவை சொன்னேன்.